அறுபதாயிரம் முட்டையும் நாலு முட்டையும்

மாரக்காள் எடுத்தால், தன்னை எடுத்தது அந்த முட்டைக்கே தெரியாது என்று பண்ணையில் சொல்வார்கள். ஒரு கைக்கு மூன்று, இரண்டு கைக்கும் ஆறு. ஐந்து முறை கையை நீட்டி மடக்கினால் முப்பது குழி அட்டை நிறைந்துவிடும். அந்த நேரத்தில் அவள் கண் அட்டையைப் பார்க்காது. கண்ணுக்கு வேறு வேலை இருக்கும். அடுத்த வரிசையில் யார் சோம்பி நிற்கிறார்கள், தீவன மில்லில் தன் வீட்டுக்காரர் சின்னுசாமி யாரிடம் கதை அளக்கிறார் என்பதையெல்லாம் அது பார்த்துக்கொண்டிருக்கும். கை மட்டும் தன்பாட்டுக்கு முட்டை எடுக்கும்.

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகிற வழியில், குழந்தைவேல் கோழிப்பண்ணையில் இருபத்து மூன்று வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. இரண்டு முட்டைகளை லேசாக ஒன்றோடு ஒன்று தட்டுவாள். 'டிக்' என்று கணீரென்று கேட்டால் நல்ல முட்டை. சத்தம் அமுங்கிக் கேட்டால் எங்கோ மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பண்ணையில் 'கிராக்' என்று பெயர். கிராக் முட்டை லாரி ஏறாது, தனி அட்டைக்குப் போய்விடும். மாரக்காளின் உலகத்தில் ஒரு முட்டைக்கு நேரக்கூடிய மிகப் பெரிய அவமானம் அதுதான்.

மகள் அறிவுச்செல்வியைச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கட்டிக்கொடுத்தபோது, மறுவீட்டு விருந்தில் பிரியாணியோடு அவித்த முட்டை வைத்தார்கள். மாரக்காள் தன் இலையிலிருந்த முட்டையை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாளின் இலை முட்டையில் 'டொக்' என்று தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டாள். சம்பந்தியம்மாள் இன்றுவரை அதை மறக்கவில்லை.

இப்படி முட்டையோடு முட்டையாக வாழ்ந்த அந்தப் பெண்ணின் நெஞ்சில் ஒரு முள் தைத்திருந்தது. தைத்தவர் வேறு யாருமில்லை, கட்டிய கணவர்தான்.

ஒரு நாள் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சின்னுசாமி கேட்டார்: "ஏம் புள்ளே, இத்தனை வருசத்துல கோடி முட்டையத் தொட்டிருப்பயா?"

"அதுக்கு மேலயே இருக்குமுங்க" என்றாள் பெருமையாக.

"அதுல ஒரு முட்டையில இருந்தாச்சும் குஞ்சு வெளிய வந்து கண்ணால பாத்திருக்கயா?"

மாரக்காளின் கையிலிருந்த சோற்றுருண்டை வாய்க்குப் போகவில்லை.

அவள் பார்த்ததில்லை. பிறந்தது ராசிபுரத்தில் தறிச்சத்தம் கேட்கும் ஒரு சந்தில். அங்கே கோழி வளர்க்க இடமில்லை. வாக்கப்பட்டு வந்ததோ இந்தப் பண்ணைக்கு. இங்கே சேவல் கிடையாது. கோழி கூண்டில் முட்டை இடும், முட்டை சரிந்து உருண்டு வரும், அட்டையில் ஏறும், லாரியில் போகும். எந்தக் கோழியும் எந்த முட்டையின் மேலும் உட்கார்ந்ததில்லை. பண்ணையில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கவும் கூடாது, நோய் தொற்றிக்கொள்ளும் என்று கட்டுப்பாடு. பண்ணைக்கு வருகிற குஞ்சுகள் எங்கிருந்தோ பெட்டியில் வேனில் வந்து இறங்கும்.

அன்றைக்கு முழுவதும் அவள் யாரையும் திட்டவில்லை. ஷெட்டே பயந்துபோனது.

அந்தச் சித்திரை மாதத்தில்தான் அவள் வந்தாள். மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்பு, கறுப்பு நெஞ்சு, வெள்ளை வயிறு, ஊரைக் கூட்டும் குரல். ஆள்காட்டிக் குருவி. பண்ணை வாசலுக்கு வெளியே, முட்டை லாரி வந்து நிற்கிற ஜல்லிக்கல் மைதானத்தின் ஓரத்தில், கல்லோடு கல்லாக நாலு முட்டை இட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு துரும்பு இல்ல, ஒரு பஞ்சு இல்ல. வெறுங்கல்லு மேல பெத்துப்போட்டிருக்கா பாரு" என்று மாரக்காள் வாயில் கை வைத்தாள். முட்டைகள் மண் நிறத்தில், கறுப்புத் திட்டுத் திட்டாக இருந்தன. கூர்முனை நாலும் உள்பக்கம் பார்த்து, ஒரு பூவின் நாலு இதழ் மாதிரி அடுக்கியிருந்தது. அடுக்கிய நேர்த்தி மாரக்காளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. தொழில் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டாள்.

மகளுக்குப் போன் போட்டாள். அறிவுச்செல்வி தேடிப் பார்த்துச் சொன்னாள்: "இருபத்தெட்டு நாளு ஆகுமாம்மா குஞ்சு பொரிக்க. நீ கையக் கிய்ய வெச்சுப்போடாத."

"நான் எதுக்குக் கண்ணு கை வெக்கறேன்?" என்றாள் மாரக்காள். விதி இதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாளே பண்ணைக்காரர் குழந்தைவேல் வந்துவிட்டார். முப்பத்தெட்டு வயது. கோழிகளுக்குத் தும்மல் வந்தால் இவருக்குக் காய்ச்சல் வரும், அப்படிப்பட்ட மனிதர்.

"ஏனுங்க மாரக்கா, காட்டுக்குருவி பண்ணைகிட்ட இருக்கலாமுங்களா? நோயைக் கொண்டாந்து உட்டுச்சுன்னா நாம எல்லாரும் தலையில துண்டப் போட்டுக்க வேண்டியதுதான். எடுத்து அந்தப் பக்கம் வெச்சுப்போடுங்க."

"எடுத்து வெச்சா அவ உக்காரமாட்டாளுங்க சாமி. அவ நம்ம வாசலுக்கு உள்ள வரலயே. நாம காலு நனைக்கற மருந்துத் தண்ணித் தொட்டிக்கு வெளியதான இருக்கறா. நானும் அவகிட்டப் போயிட்டு வந்தா காலக் கழுவி, கையக் கழுவி, சேலை மாத்திக்கறேன்."

"அதெல்லாம் ஆவாதுங்க."

"அப்பச் சரிங்க" என்றாள் மாரக்காள். "எனக்கு இருபத்தெட்டு நாளு லீவு குடுங்க. அவள எங்க வெக்கறீங்களோ, அங்கயே நானும் போய் உக்காந்துக்கறேன்."

இருபத்து மூன்று வருஷத்தில் அவள் லீவு கேட்டதே இல்லை. அறிவுச்செல்வி பிறந்ததுகூட ஒரு ஞாயிற்றுக்கிழமை. குழந்தைவேல் ஷெட்டுகளைப் பார்த்தார், மாரக்காளைப் பார்த்தார், மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தார்.

"ஒரே ஒரு கண்டிசனுங்க. இந்தக் குருவியால என்ற லாரி லோடுக்கு ஒரு தொந்தரவு வந்தாலும், அன்னைக்கே அந்த முட்டைய நானே எடுத்துப்போடுவேன்."

"வராதுங்க சாமி. அதுக்கு நான் பொறுப்பு."

பழைய தீவன வாளிகள் நாலைக் கவிழ்த்துச் சுற்றிலும் வைத்து, சிவப்புத் துணி கட்டினாள். குருவிக்கு அவளிடம் நன்றியெல்லாம் இல்லை. வாளி வைக்கப் போனபோதே தலையில் ஒன்று போட்டது.

குருவியின் பரம விரோதி லாரி டிரைவர் சென்றாயன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து, அறுபதாயிரம் முட்டை ஏற்றிக்கொண்டு பாலக்காடு போகிறவன். வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் குருவி எழும்பி, 'டிட்டிட்டீ டிட்டிட்டீ' என்று கத்திக்கொண்டு அவன் உச்சந்தலைக்கு நேராக இறங்கும்.

"அக்கா, இது குருவியா, இல்ல ஆர்டிஓ-வா? எந்தப் பக்கம் திருப்பினாலும் மறிக்குதே!"

"நீ எதுக்கு அந்தப் பக்கம் திருப்பற? புள்ளத்தாச்சி இருக்கற எடத்துல ஹாரன் அடிக்கற? உங்கூட்டுல பொம்பளைங்க இல்ல?"

"எங்கூட்டுப் பொம்பளைங்க மண்டையில கொத்தமாட்டாங்கக்கா!"

மறுவாரத்திலிருந்து சென்றாயன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு லாரி ஓட்ட ஆரம்பித்தான். வேலூர் சோதனைச் சாவடியில் அவனை நிறுத்தி, லாரிக்கு எதற்கு ஹெல்மெட் என்று விசாரித்தார்கள். 'குருவிக்குங்க' என்றான். ஊதிக் காட்டச் சொன்னார்கள்.

வெயில் ஏற ஏற மாரக்காள் ஒரு விஷயத்தைக் கவனித்தாள். ஷெட் கூரையில் தண்ணீர் தெளிக்கிற குழாயில் ஒரு கசிவு. குருவி அங்கே நடந்து போய் வயிற்றை நனைத்துக்கொள்ளும். ஈர வயிற்றோடு ஓடி வந்து முட்டைகளின் மேல் உட்காரும். கல்லே பொரிகிற வெயிலில் முட்டை வெந்துவிடக் கூடாதென்று ஒரு தாய் செய்கிற வேலை! மாரக்காள் சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் குழாயின் திருகை இன்னும் கொஞ்சம் தளர்த்திவிட்டாள். குழந்தைவேல் ஆள் கூட்டி வந்து இரண்டு முறை கசிவை அடைத்தார். இரண்டு முறையும் அது மறுநாளே கசிந்தது. 'காவேரித் தண்ணி, குழாயைத் திங்குது' என்று அவர் முடிவுக்கு வந்தார்.

இருபத்து நாலாவது நாள் அது நடந்தது.

லோடு முடிகிற நேரம், மணி பதினொன்று. கடைசி அட்டைகளைச் சென்றாயன் ஏற்றிக்கொண்டிருந்தான். புழுக்கமென்று அன்றைக்கு ஹெல்மெட்டைக் கழற்றி வைத்திருந்தான். குருவிக்கு அது தெரிந்துவிட்டது. ஒரே பாய்ச்சல். சென்றாயன் "அய்யோ!" என்று குனிய, கையிலிருந்த அட்டை சரிந்து, முப்பது முட்டையும் வாளிகளுக்கு இடையில் உருண்டன.

"கண்ணு பொடனியிலயா இருக்குது?" என்று கத்திக்கொண்டே மாரக்காள் பாய்ந்தாள். "ஒரு அட்டையத் தூக்கத் துப்பில்ல, லாரி ஓட்டறானாமா லாரி!"

"உங்க குருவியக் கேளுங்கக்கா!"

"அவளப் பேசாத! மொத மொதல்ல அந்த ஹெல்மெட்ட எதுக்குக் கழட்டுன?"

வாய் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. கண் சென்றாயனை முறைத்துக்கொண்டிருந்தது. கை? கை தன் வேலையைப் பார்த்தது. ஒரு கைக்கு மூன்று, இரண்டு கைக்கும் ஆறு. உடைந்தவற்றை விட்டுவிட்டு, முழுசாகக் கிடந்ததையெல்லாம் அட்டைக்கு ஏற்றியது.

உடைந்து கிடந்த ஓடுகளை மட்டும் திரும்பி ஒரு பார்வை பார்த்து எண்ணினாள். "சுப்பம்மா, ஒம்பது போயிருச்சு. ஒம்பது முட்டை எடுத்தாந்து அட்டைய நிரப்பிக் குடு, சீக்கிரம்!"

ஷெட்டில் கூட வேலை செய்கிற சுப்பம்மாளும் சண்டையை வேடிக்கை பார்த்தபடியே, காலிக் குழிகளை விரலால் தடவி நிரப்பிக் கொடுத்தாள். சென்றாயன் அட்டையை ஏற்றி, தார்ப்பாய் இழுத்து, கயிறு கட்டி, கிளம்பிப் போனான். குருவி மட்டும் கத்திக்கொண்டே இருந்தது. அது எப்போதும் கத்துகிற குருவி. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்து நிமிஷம் கழித்து, அது உட்காராமல் சுற்றிச் சுற்றி நடப்பதைப் பார்த்து மாரக்காள் எட்டிப் பார்த்தாள். கல்லுக்கு நடுவே குழி இருந்தது. குழியில் ஒன்றுமில்லை.

"அய்யோ, என்ற சாமீ!"

அவள் போட்ட சத்தத்தில் தீவன மில் நின்றது. கீரியைத் திட்டினாள். காக்காயைத் திட்டினாள். சின்னுசாமி ஓடி வந்ததும் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"வாய ஊதுங்க."

"என்ன புள்ளே?"

"ஊதுங்கங்கறேன்! ஆம்லெட்டுப் போட்டீங்களா?"

"நான் இன்னிக்கு வெள்ளிக்கிழம விரதம்டீ!"

அப்போதுதான் சுப்பம்மாள் வந்தாள். கையில் நாலு வெள்ளை முட்டை.

"அக்கா, நீங்க ஒம்பது கேட்டீங்க. அட்டையில அஞ்சு குழிதான் காலியா இருந்துச்சு. நாலு மிச்சமாயிருச்சு. உங்க கணக்கு இன்னைக்குத்தான் தப்பிப்போச்சு."

மாரக்காள் அந்த நாலு முட்டைகளைப் பார்த்தாள். பிறகு குழியைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும், யாரோ கொலைகாரியின் கைகளைப் பார்ப்பதுபோல, மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ற கணக்குத் தப்பலீடி" என்றாள். "நாந்தான் ஏத்தி உட்டுட்டேன். பாலக்காட்டுக்கு."

சென்றாயனுக்குப் போன் போனது. நல்லவேளை, எடுத்தான்.

"எங்க சாமி இருக்கற?"

"வேலூர் பாலத்துக்கு இந்தப் பக்கம், டீ குடிச்சிட்டிருக்கேனுங்க."

"அங்கயே நில்லு. நாங்க வாரோம். அந்த முட்டை கேரளா போவக்கூடாது."

"எந்த முட்டைக்கா? அறுபதாயிரம் இருக்குது."

சின்னுசாமியின் மொபெட் ஆறு கிலோமீட்டரைப் பறந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அதன் முழு வேகமே மணிக்கு முப்பது. பின்னால் உட்கார்ந்திருந்த மாரக்காள் அவர் முதுகில் குத்திக் குத்தி முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்தாள்.

டீக்கடை முன்னால் சென்றாயன் தலையில் கை வைத்து நின்றான். "தார்ப்பாயப் பிரிச்சா மறுபடி கட்ட அரைமணி நேரம் ஆவுங்கக்கா. ஓனருக்குத் தெரிஞ்சா என்னையத் தொலைச்சுப்போடுவாரு."

"தெரிஞ்சா அந்த நாலையும் தூக்கி வீசிருவாருடா. அவ இருபத்து நாலு நாளு வெயில்ல உக்காந்திருக்கா. தண்ணி குடிக்கப் போனாக்கூட வயித்துல தண்ணி கொண்டாந்து புள்ளைங்களுக்குக் குடுத்தா. இந்தக் கையால நான் எடுத்துட்டு வந்துட்டேன். உன்ற கால்ல வேணா உழுவறேன் சாமி."

"அய்யோ, உழுந்து கிழுந்து வெக்காதீங்க, ஊரே பாக்குது" என்று சென்றாயன் கயிற்றை அவிழ்த்தான்.

ஊர் பார்க்கத்தான் செய்தது. வெற்றிலைக் கட்டோடு பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "என்னங்க, முட்டைக்குள்ள தங்கம் கடத்தறாங்களா?" அடுத்த நிமிஷம் முப்பது பேர் கூடிவிட்டார்கள்.

மாரக்காள் லாரியில் ஏறினாள். கடைசியாக ஏற்றியது இடது மூலை என்று அவளுக்குத் தெரியும். கீழே விழுந்த அட்டையில் மஞ்சள் கரு ஒட்டியிருக்கும் என்றும் தெரியும். மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது அட்டை ஓரத்தில் மஞ்சள் கறை. உள்ளே வெள்ளை முட்டைகளுக்கு நடுவில், கல்யாண வீட்டில் நுழைந்த போலீஸ்காரர்கள் மாதிரி, காக்கி நிறத்தில் நாலு.

"இதுக்கா?" என்று கூட்டம் ஏமாந்தது. வெற்றிலைக்காரர் மட்டும் எட்டிப் பார்த்து, "ஆள்காட்டி முட்டைங்க. சீக்கிரம் போங்கம்மா, சூடு ஏறிரும்" என்றார்.

மாரக்காளுக்குக் குருவி செய்தது நினைவு வந்தது. டீக்கடைக் குழாயில் சேலைத் தலைப்பை நனைத்துப் பிழிந்து, நாலையும் அதில் பொதிந்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

வந்த வழியே திரும்பினார்கள்.

"பள்ளத்துல உடாதீங்க."

"உடல."

"உட்டீங்களே இப்ப!"

"ரோடே பள்ளந்தான் புள்ளே, நான் எங்க போறது?"

இருபத்தேழு வருஷத் தாம்பத்தியத்தில் சின்னுசாமி ஒரு முறைகூட இவ்வளவு பதனமாக அவளைக் கூட்டிப்போனதில்லை. அறிவுச்செல்வி வயிற்றில் இருந்தபோதுகூட இல்லை என்று மாரக்காள் பின்னாலிருந்து சொல்லிக்காட்டினாள்.

குழியில் நாலையும் வைத்தாள். கூர்முனை உள்பக்கம், நாலு இதழ். பிறகு இருவரும் தீவன மில் சுவருக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றார்கள். குருவி வந்தது. குழியைப் பார்த்தது. கண்டுகொள்ளாமல் தாண்டிப் போயிற்று. மாரக்காள் கணவரின் கையை நகம் பதியப் பிடித்தாள். குருவி குழாயடிக்குப் போய் வயிற்றை நனைத்தது. நின்றது, யோசித்தது. பிறகு குடுகுடுவென்று ஓடி வந்து, சிறகை ஒருமுறை உலுக்கி, உட்கார்ந்தது.

சின்னுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தவிட்டுத் தூசி" என்றார்.

லாரி ஏன் தாமதம் என்று குழந்தைவேல் கேட்டதற்கு, "பாலத்துல டிராபிக்குங்க" என்று சென்றாயன் சொல்லிவிட்டான்.

இருபத்தெட்டாவது நாள் காலையில், குருவி குழாயடிக்குப் போன நேரம் பார்த்து மாரக்காள் குனிந்தாள்.

ஒரு முட்டையில் விரிசல். நட்சத்திரம் மாதிரி. பக்கத்து முட்டையிலும் ஒன்று. கிராக்!

குஞ்சு எப்படி வெளியே வரும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இருபத்து மூன்று வருஷமாக விரிசல் என்றால் முடிந்தது என்றுதான் அவள் கண்ணுக்குப் பழக்கம். மொபெட் போன பள்ளம் ஒவ்வொன்றும் அவள் நெஞ்சில் ஏறி இறங்கியது. ஜல்லியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

சின்னுசாமியும் சுப்பம்மாளும் ஓடி வந்தார்கள். அன்றைக்கென்று குழந்தைவேலும் அங்கே நின்றிருந்தார்.

"கொன்னுபோட்டேனுங்க! நாலு புள்ளைங்களையும் மொபெட்டுல கொண்டுபோய்க் கொன்னுபோட்டேன்!"

"மொபெட்டா? எந்த மொபெட்டு?" என்றார் குழந்தைவேல்.

அழுகைக்கு நடுவில் மாரக்காள் சட்டென்று கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினாள். விரிசலைக் காதாலேயே கண்டுபிடிக்கிறவள் அவள். தரையோடு தலை சாய்த்து, காதை முட்டையருகே கொண்டுபோனாள்.

உள்ளிருந்து 'டிக்' என்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு 'டிக்'. அப்புறம் மெல்லிசாக ஒரு 'கீச்'.

விரிசல் அகன்றது. ஓட்டின் ஒரு சில்லு வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. அந்த ஓட்டை வழியே ஊசி முனை அளவுக்கு ஒரு மூக்கு.

"உள்ள இருந்து தட்டுதுங்க" என்றாள் மாரக்காள். "நான் வெளிய இருந்து தட்டுவேன். இது உள்ள இருந்து தட்டுது."

அதற்குள் தாய் வந்து அவள் கொண்டையில் ஒன்று, குழந்தைவேலின் வழுக்கையில் ஒன்று போட்டு இருவரையும் விரட்டியது. தலையைத் தடவிக்கொண்டே போன குழந்தைவேல், மொபெட் கதையை அப்புறம் கேட்கவே இல்லை. பயந்தாரா, இளகினாரா, தெரியாது. அன்றைக்குக் குழாய்க் கசிவை அடைக்க வந்தவனை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்.

மத்தியானத்துக்குள் மூன்று வெளியே வந்தன. நனைந்த பஞ்சு மாதிரி கிடந்தவை, காய்ந்ததும் எழுந்து ஓடத் தொடங்கின. நாலாவது வரவில்லை. மறுநாள்வரை மாரக்காள் காத்திருந்தாள். தாய் குஞ்சுகளோடு நகர்ந்த பிறகு அதைக் கையில் எடுத்தாள். ஒன்றே ஒன்றை, இரண்டு கையாலும். தட்டிப் பார்க்கவில்லை. குழாயடி ஈரமண்ணில் குழி தோண்டி வைத்து மூடினாள். பள்ளத்தாலா, வெயிலாலா, யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கணக்கை அவள் தன் பேரிலேயே எழுதிக்கொண்டாள்.

சோற்றுக்கு உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள்: "ஏனுங்க, அன்னைக்கு என்னமோ கேட்டீங்களே, குஞ்சு பாத்திருக்கயான்னு?"

"ஆமா."

"மூணு பாத்தேன். இப்பச் சோத்தத் திங்க உடுங்க."

மறுநாள் லோடு ஏறி முடிந்து சென்றாயன் வண்டியை எடுத்தபோது, சக்கரத்துக்கு முன்னால் தாய் நடந்தது. பின்னால் மூன்று, ஜல்லிக்கு ஜல்லி ஏறி இறங்கி. கல்லும் அவையும் ஒரே நிறம். ஓடினால்தான் தெரியும், நின்றால் காணாமல் போகும். சென்றாயன் ஹாரன் பக்கம் கையைக் கொண்டுபோனான். மாரக்காள் ஷெட் வாசலில் இடுப்பில் கை வைத்து நிற்பதைப் பார்த்தான். இன்ஜினை அணைத்து, ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தான்.

போன் அடித்தது. பாலக்காட்டு வியாபாரி.

"கிளம்பிட்டேனுங்க" என்றான் சென்றாயன். "இங்க கொஞ்சம் டிராபிக்கு... ஆமாங்க, ஒரு குடும்பம் ரோட்டத் தாண்டுது... எவ்வளவு நேரமாகுங்களா? சொல்ல முடியாதுங்க. சின்னச் சின்னக் காலு."